செல்வத்தின் அறுபத்து நான்காம் வயது முகம்

மயிலாடுதுறை,
நவம்பர் 2025

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை உன் எழுத்தின் நேர்த்தியைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். உன் பேரன் நம் பள்ளி இறுதியாண்டுக் குழுப்படத்தைக் கைப்பேசிச் செயலியில் போட்டு நம் எல்லோரையும் முதியவர்களாக்கிக் காட்டினான் என்றும், அதில் செல்வத்தின் நரைத்த முகத்தைப் பார்த்ததிலிருந்து உறக்கம் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். சென்ற மாதம் எனக்கும் அதே முகத்தால் ஒரு கலக்கம் நேர்ந்தது. அதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த செல்வத்தின் மகள் தன் ஏழு வயதுப் பையனுடன் நம் ஸ்டூடியோவுக்கு வந்தாள். 1988இல் செல்வத்தின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் நான் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டி, விரலால் தள்ளி, அதே படம் முதுமையடைந்த வடிவத்தையும் காட்டினாள். அடர்ந்த வெள்ளைத் தலைமுடி, நெற்றியில் மூன்று கோடுகள், கண்ணோரத்தில் மெல்லிய சுருக்கங்கள். "மாமா, அப்பா இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாரா?" என்று கேட்டாள். 1992இல் மஞ்சள்காமாலை அவனைக் கொண்டுபோனபோது அவனுக்கு 31 வயது, இவளுக்கு இரண்டு. தகப்பன் முகத்தைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, முப்பது ஆண்டுகளாக நெகட்டிவிலும் அச்சிலும் முகங்களைத் திருத்திப் பிழைத்தவன் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் உடனே பதில் வரவில்லை.

எங்கள் தொழிலிலும் வயதை மாற்றினோம். எதிர்த்திசையில் மாற்றினோம் என்பதுதான் வேறுபாடு. நெகட்டிவ் என்ற படச்சுருளில் இருளும் ஒளியும் தலைகீழாகப் பதிவதால், முகத்தில் சுருக்கம் விழுந்த இடம் அதில் வெளிறித் தெரியும். அங்கே மருந்து தடவிக் காயவைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினால் அச்சில் கோடு மறைந்துவிடும். அதை டச்சிங் என்போம். எவ்வளவு டச்சிங் செய்தாலும் ஆள் அடையாளம் போய்விடக் கூடாது என்பது என் குரு எனக்குச் சொன்ன முதல் பாடம். அந்த அளவுகோலை வைத்தே அவள் காட்டிய படத்தைப் பார்த்தேன்.

இந்தச் செயலிகளில் பெயர்பெற்ற ஃபேஸ்ஆப், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் யாரோஸ்லாவ் கோஞ்சரோவ் தொடங்கிய நிறுவனத்தால் 2017இல் வெளியிடப்பட்டது. 2019 ஜூலையில் உலகமே அதில் தன் முதுமையைப் பார்த்துப் பகிர்ந்தது. எண்ணற்ற முகப்படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள், இளைய முகத்துக்கும் முதிய முகத்துக்கும் இடையே பொதுவாக என்னென்ன மாறுகிறது என்பதைக் கற்றுக்கொண்டு, அதை நாம் கொடுக்கும் படத்தின் மேல் வரைகிறது. பழக்கக் கொடுத்த முகங்கள் யாருடையவையோ, முதுமையும் அவர்களுடையதாகவே வரும். அதே செயலி தொடங்கிய ஆண்டில், முகத்தை அழகாக்கும் வசதி மாநிறத்தவரையும் கறுத்தவர்களையும் வெளுக்கச் செய்தது. பழக்கிய படங்களின் சார்புதான் காரணம் என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம் போன்ற தோலில் மெல்லிய சுருக்கங்கள் தாமதமாகவே விழும். அதற்கு முன்பே கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கருமை படரும். அவள் காட்டிய படத்தில் கருமை துளியும் இல்லை, சுருக்கம் மட்டும் நிறைய இருந்தது.

செல்வம் பேருந்து ஓட்டியவன் என்பதும் அந்தச் செயலிக்குத் தெரியாது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் 2012இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. சன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாக மடிந்து, வலது கன்னத்தைவிடப் பல ஆண்டுகள் மூத்ததாகத் தெரியும். கண்ணாடி வழியாக ஊடுருவும் புற ஊதாக் கதிரே காரணம் என்று மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். சிதம்பரம் சாலையில் இன்னும் முப்பது வருடம் ஓட்டியிருந்தால் செல்வத்தின் வலது கன்னமே முதலில் முதுமையடைந்திருக்கும். செயலியோ இரண்டு பக்கத்துக்கும் ஒரே கணக்கில் பங்கு வைத்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் உன் சைக்கிளிலிருந்து விழுந்து இடது புருவத்தில் தையல் போட்டானே, அந்தத் தழும்பை அழுக்கு என்று எண்ணித் துடைத்தும் விட்டது. அந்த இடத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

காணாமற்போன குழந்தைகள் இத்தனை ஆண்டுகளில் எப்படி வளர்ந்திருப்பார்கள் என்று வரைபவர்கள் இதே வேலையை எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறார்கள் என்பதை நீ அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய, காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையத்தின் ஓவியர்கள், குழந்தையின் படத்தோடு, தாய் தந்தையர் அந்த வயதில் எடுத்துக்கொண்ட படங்களையும், உடன்பிறந்தவர்களின் படங்களையும் கேட்டு வாங்கி, குடும்பத்தின் மூக்கும் தாடையும் எந்த வயதில் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துத்தான் வரைகிறார்கள். உன் புதுச்சேரியில் இந்த ஜனவரியில் நடந்த கைதும் உனக்கு நினைவிருக்கும். 2006இல் கொல்லம் மாவட்டத்து அஞ்சல் என்ற ஊரில் ஓர் இளம்பெண்ணும் அவளுடைய பச்சிளம் இரட்டைக் குழந்தைகளும் கொல்லப்பட்ட வழக்கில் தலைமறைவானவர்களின் பழைய படங்களைக் கேரளக் காவல்துறை செயற்கை நுண்ணறிவால் முதுமையடையச் செய்து, சமூக ஊடகப் படங்களோடு ஒப்பிட்டு, ஒரு திருமணப் படத்தில் அடையாளம் கண்டது. 19 ஆண்டுகளுக்குப் பிறகு இருவர் பிடிபட்டார்கள். வரைந்த படத்தை உயிரோடு இருப்பவரின் படத்தோடு சரிபார்க்க முடிந்ததால்தான் அது பயன்பட்டது. செல்வத்தின் படத்தைச் சரிபார்க்க நமக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் அவன் அப்பா நினைவுக்கு வந்தார்.

1990இல் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான்தானே. மாடியில் தகரப் பெட்டிகளில் வருட வாரியாக நெகட்டிவ்களை வைத்திருக்கிறேன். அன்று மாலை முழுவதும் தேடி எடுத்து, மகனிடம் கொடுத்து ஸ்கேன் செய்து பெரிய அளவில் அச்சிட்டு, மறுநாள் அவள் கையில் கொடுத்தேன். உச்சி வழுக்கை, பக்கவாட்டில் மட்டும் நரை, இடது இமை சற்றே தாழ்ந்த பார்வை, நீண்டு தொங்கும் காதுகள். 1995இல் ஓர் ஆங்கில மருத்துவர் 206 பேரை அளந்து, காது சராசரியாக ஆண்டுக்கு 0.22 மில்லிமீட்டர் வளர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார். செல்வத்துக்கு அந்தக் கணக்கில் எட்டு மில்லிமீட்டர் கூடியிருக்க வேண்டும். செயலியின் படத்தில் காது 1988இல் இருந்த அளவிலேயே இருந்ததை நான் அளந்தே பார்த்தேன்.

அவள் வெகுநேரம் தாத்தாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பையனின் காது மடலைப் பிடித்து, படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். கைப்பேசிப் படத்தை அவள் அழிக்கவில்லை, நானும் அழிக்கச் சொல்லவில்லை. தகப்பனைக் கிழவராகப் பார்க்க ஆசைப்படுவதில் குற்றம் காண எனக்கு மனம் வராது.

ஆனால் உன் பேரனிடம் ஒன்றை நீ கட்டாயம் சொல்ல வேண்டும். இத்தகைய செயலியில் போடும் படம் கைப்பேசிக்குள்ளேயே மாற்றப்படுவது என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபேஸ்ஆப்பில் அது இணையம் வழியாக வேறு கணினிக்குப் போய் மாறித் திரும்புகிறது. தேர்ந்தெடுத்த படம் மட்டுமே போகிறது, பெரும்பாலானவை 48 மணி நேரத்தில் நீக்கப்படுகின்றன என்று 2019இல் நிறுவனம் விளக்கியது. அதை நான் நம்ப மறுக்கவில்லை. ஆயினும் அப்போது பயனர் ஒப்புக்கொண்ட விதிமுறையில், அந்தப் படங்களைக் காலவரையின்றி, எந்தக் கட்டணமும் இல்லாமல், உலகெங்கும் பயன்படுத்தும் உரிமை எழுதப்பட்டிருந்தது. தன் முகத்தை ஒருவர் தாமே விரும்பிக் கொடுப்பது அவர் பாடு. நம் குழுப்படத்தில் முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம். பலரிடம் யாரும் கேட்கவில்லை, சிலரிடம் இனிக் கேட்கவும் முடியாது. நான் தொழில் பழகிய காலத்தில் ஒருவர் படத்தை அவரைக் கேட்காமல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியதற்காக என் குரு என்னை அவர் வீட்டுக்கே அனுப்பி மன்னிப்புக் கேட்கவைத்தார். அந்த நாணயம் இப்போதும் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இனி என் வேண்டுகோள். செல்வம் முன்பல் உடைந்ததிலிருந்து என் கேமரா முன் வாயைத் திறந்ததே இல்லை. என்னிடம் உள்ள பதினோரு படங்களிலும் உதட்டை இறுக்கித்தான் நிற்கிறான். 1985இல் நீங்கள் இருவரும் பூம்புகார் போனபோது உன் மைத்துனர் எடுத்த படங்களில் ஒன்றில் அவன் வாய்விட்டுச் சிரிப்பதாக நீ ஒருமுறை சொன்னாய். அது இன்னும் உன் ஆல்பத்தில் இருந்தால், கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பாமல், அட்டைக்கு நடுவே வைத்து விரைவுத் தபாலில் அனுப்பு. பொங்கலுக்கு அவள் மறுபடி வருகிறாள். அதற்குள் டச்சிங் எதுவும் செய்யாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்