கண்டியில் அவர் சமைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையல் கலைஞர் ஜூலியா சைல்ட் பற்றி உங்கள் ஞாயிறு வெளியீட்டில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அவருக்கும் இலங்கைக்கும் இருந்த தொடர்பை எடுத்துச் சொன்னது நல்ல காரியம். ஆனால் கண்டியின் கறுவா வாசமும் ஏல வாசமும்தான் அவரைச் சமையலுக்குள் இழுத்தன என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது வெறும் ஆசை. கண்டியில் அவர் சமைக்கவேயில்லை.

1944-இல் ஜூலியா இங்கே வந்தது அமெரிக்க உளவுத்துறைப் பணிக்காக. தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தளபதியாயிருந்த மௌண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் அப்போது கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் இருந்தது. இரகசிய ஆவணங்களைப் பதிந்து கோப்பிடும் பிரிவு ஜூலியாவின் பொறுப்பில் இருந்தது. ஆறடி இரண்டு அங்குல உயரம், முப்பதைக் கடந்த வயது. கலிபோர்னியாவில் சமையலுக்கு ஆள் வைத்திருந்த வசதியான வீட்டில் வளர்ந்ததால் அடுப்படிப் பழக்கம் கிடையாது. இந்த நாட்டில் அவருக்கு வாய்த்தது போல் சைல்ட் என்ற மனிதரின் அறிமுகம். அவர் பத்து வயது மூத்தவர், உயரத்தில் குறைந்தவர், பாரிஸில் வாழ்ந்து சாப்பாட்டின் அருமை அறிந்தவர். இங்கிருந்து போனபிறகு அவருக்காக ஜூலியா முதன்முதலில் ஆக்கியது சிவப்பு வைனில் வேகவைத்த மூளை. அது பார்வைக்கும் நன்றாக இல்லை, வாய்க்கும் நன்றாக இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படியிருந்தும் 1946-இல் திருமணம் நடந்தது. போல் சைல்ட் பொறுமைசாலிதான்.

கணவரின் அரசாங்க வேலை காரணமாக 1948-இல் பாரிஸுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு, தமது 37-ஆவது வயதில், கோர்டோன் புளூ சமையற் பள்ளியில் ஜூலியா சேர்ந்தார். அங்கே முதல் தடவை பரீட்சையில் சித்தியடையவில்லை. பெரிய பெரிய பதார்த்தங்களையெல்லாம் பழகிக்கொண்டு போனார். கேட்டதோ பள்ளிக்கூடத்தின் சிறு கைந்நூலில் இருந்த சாதாரணமானவை. இந்த இடத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 31 வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். புரியாணி செய்யப் பழகிவந்து, சொதி வைக்கச் சொன்னால் விழிக்கிற பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு சேர்ந்து அவர் எழுதிய பெரிய சமையல் நூல் 1961-இல் வெளிவந்தது. 1963 பெப்ரவரியில் பொஸ்ரன் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பது. முதல் நாள் பதார்த்தம் வைனில் வெந்த மாட்டிறைச்சி. அது எங்கள் குசினிக்குள் வராது. ஆனாலும் பேத்தியின் கைத்தொலைபேசியில் அந்தக் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோழி நிலத்தில் விழுந்ததும் அவர் தூக்கிச் சட்டியில் போட்டார் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. இதுவும் பிழை. விழுந்தது உருளைக்கிழங்கு, விழுந்த இடம் அடுப்பு மேடை. தட்டையாகச் சுட்ட உருளைக்கிழங்கைத் தாச்சியோடு எத்திப் புரட்டப் பார்க்கிறார். பாதி தாச்சிக்குள் விழுகிறது, பாதி வெளியே சிதறுகிறது. பயந்து பயந்து புரட்டியதால் வந்த வினை என்று தம்மையே குறை சொல்லியபடி சிதறியதைக் கையால் அள்ளி ஒட்டவைக்கிறார். குசினியில் தனியே நிற்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள் என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார். படச்சுருளை வெட்டி ஒட்டுவதற்குச் செலவு அதிகம் என்பதால் அந்த நாட்களில் ஏறக்குறைய நிறுத்தாமலே ஒளிப்பதிவு செய்தார்கள். அதனால் தவறு தவறாகவே மிஞ்சியது.

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. மூன்று கல் வைத்து, ஈர விறகை ஊதி ஊதித்தான் செயன்முறைப் பரீட்சை நடத்தினோம். ஒரு பிள்ளை புட்டுக்கு மா குழைக்கும்போது கொதிநீரைக் கூட ஊற்றிவிட்டாள். மா களியாகிக் கையோடு ஒட்டியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிடி வறுத்த மாவைத் தூவி, சுண்டு என்ற அளவுப் பேணியைக் கவிழ்த்து அதன் விளிம்பால் கொத்தச் சொன்னேன். பத்து நிமிடத்தில் மா உதிர்ந்தது. புட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டியில் ஆவி வந்தது. பாடநூலில் ‘அளவாக நீர் சேர்க்கவும்’ என்று மட்டும்தான் இருந்தது. கூடிப்போனால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

உங்கள் பத்திரிகையின் சமையல் பகுதியிலும் அந்த வரி இருப்பதில்லை. போன மாதம் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ் போட்டிருந்தீர்கள். மீன், இறால், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒடியல் மாவை ஊறவிட்டு மேல்நீரை வடிக்க வேண்டும் என்பது மட்டும் விடுபட்டுப்போயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு மருமகள் அதை வைத்துக்கொண்டு ஒரு பானை கூழ் காய்ச்சினாள். வாயில் வைக்க முடியாத கைப்பு. வாங்கிய நண்டின் விலையை இங்கே எழுத எனக்கே மனம் வரவில்லை.

ஜூலியாவின் சமையல் நூலின் இரண்டாவது தொகுதி 1970-இல் வந்தது. வீட்டு அடுப்பில் பிரெஞ்சுப் பாண் சுடும் ஒரு முறைக்காக மட்டும் இரண்டு வருடங்களும் 284 இறாத்தல் மாவும் செலவாகின. கணவரும் கூடநின்று மா பிசைந்தார். படப்பிடிப்புக் காலத்தில் சட்டி பானை கழுவியவரும் அவர்தான். (ஆண் வாசகர்கள் இந்த வரியைத் தாண்டிப் போக வேண்டாம்.) மனைவியின் உயரத்துக்கு ஏற்பக் குசினி மேசைகளை உயர்த்திக் கொடுத்தவரும் அவரே. அந்தக் குசினி இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2004-இல், 92-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பாக ஜூலியா காலமானார்.

என் அம்மாவின் அம்மியும் திருவலையும் புதுக்குடியிருப்பில் எந்த மண்ணுக்குள் கிடக்கின்றனவோ தெரியாது. 2009-இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் அம்மியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவருடைய கைப்பக்குவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் நினைவில் பாதியும் என் தங்கையின் நினைவில் மீதியும் இருக்கிறது. ஏ9 வீதியோரம் பாரம்பரியச் சாப்பாடு விற்கும் அம்மாச்சி உணவகங்களில் நிற்கும் பெண்களிடமும் அப்படி எவ்வளவோ இருக்கிறது. அவர்களிடம் செய்முறை கேட்கப் போகும் உங்கள் செய்தியாளர், எங்கே பிழை வரும், வந்தால் எப்படித் திருத்துவது என்றும் கேட்டு எழுத வேண்டும். ‘தேவையான அளவு உப்பு’ என்ற வரியை எடுத்தாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
கிளிநொச்சி.

பி.கு.: ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரமாவது வையுங்கள். மா அடியில் தங்கியதும் மேல்நீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும் அப்படியே செய்யுங்கள். மீனும் மரக்கறியும் வெந்த பிறகுதான் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். கைத்துப்போன கூழுக்கு மட்டும் மருந்து கிடையாது, கொட்டத்தான் வேண்டும்.