ட்ரோனுக்கு எட்டாத காடு

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

அப்புறம், நீ எடுத்து அனுப்பிய ட்ரோன் காட்சிகளைப் பார்த்தேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மேலேயிருந்து பார்க்கும்போது காடு ஏதோ நம் கைக்குள் அடங்கிவிட்டது போலத் தெரிகிறது. அதுதான் என்னை உறுத்துகிறது. கொஞ்ச காலமாக மண்ணையும் மரத்தையும் பற்றிய வீடியோ கலைப் படைப்புகளையே தேடித் தேடிப் பார்க்கிறேன். மனதில் தங்குபவை எல்லாம் கேமரா தோற்றுப்போகிற படைப்புகள்தான்.

பின்லாந்துக் கலைஞர் எய்யா-லீசா ஆதிலா 2011இல் செய்த 'ஹாரிசான்டல்' அப்படி ஒன்று. ஓர் உயரமான ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை முழுசாக, அதன் அசல் அளவிலேயே காட்ட நினைத்தார். தள்ளி நின்று எடுத்தால் மரம் சிறுத்துவிடும். அகல லென்ஸ் போட்டால் உருவம் கோணிவிடும். அதனால் பகுதி பகுதியாக எடுத்து, ஆறு படங்களாகப் பக்கம் பக்கமாக ஒரே நேரத்தில் ஓடவிட்டார். அப்படியும் எந்த அறையில் அதை நிமிர்த்தி வைப்பது? படுக்கவைத்துவிட்டார். கிளைகள் காற்றில் ஆடியபடி முழு மரமும் பக்கவாட்டில் நீண்டு கிடக்க, அடிமரத்தருகே ஓர் ஆள், அத்தனை சின்னதாக! மனிதனின் பார்வைக்கென்று செய்த கருவிக்குள் மரம் அடங்கவில்லை என்பதை அவர் மறைக்கவே இல்லை. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அமெரிக்கக் கலைஞர்கள் நான்சி ஹோல்ட்டும் ராபர்ட் ஸ்மித்சனும் 1971இல் எடுத்த 'ஸ்வாம்ப்' இன்னும் எளிமையானது. ஃபிலிமில் எடுத்தது, ஆறே நிமிடம். நியூ ஜெர்சியில் நாணல் மண்டிய சதுப்பு நிலத்துக்குள் ஹோல்ட் கேமரா வழியாக மட்டுமே பார்த்துக்கொண்டு நடக்கிறார். ஸ்மித்சன் வாயால் வழி சொல்லிக்கொண்டே வருகிறார். நமக்குத் தெரிவதோ முகத்தில் வந்து மோதுவது போன்ற நாணல் தட்டைகள்தான். உன் ட்ரோனுக்கு நேர் எதிர் இது.

ஆனால் என்னை உலுக்கியது நம் நாட்டுத் திரைக் கலைஞர் அமர் கன்வரின் 'தி சீன் ஆஃப் கிரைம்'. அதுவும் 2011தான், 42 நிமிடம். அதில் வரும் கிட்டத்தட்ட எல்லாக் காட்சிகளும் ஒடிசாவில் தொழிற்சாலைகளுக்காகக் கையகப்படுத்த முடிவான நிலங்களில் எடுத்தவை. அது தெரிந்த பிறகு காற்றில் ஒரு செடி அசைந்தால்கூட, இந்த இடம் இன்னும் அப்படியே இருக்குமா என்று மனம் பதறுகிறது. குற்றம் நடந்த இடம் என்று பெயர் வைத்துவிட்டு நிலத்தை நிதானமாகக் காட்டிக்கொண்டே போகிறார். அழகான காட்சி என்று சொல்லி நகர்ந்துவிட முடியவில்லை, முரளி.

கண் தேறியதும் இதை முதலில் பார். நடுவில் நிறுத்தாமல் பார். பார்த்ததும் எழுது. நான் சொன்னதை நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டாயம் எழுது.

அன்புடன்,
சேகர்