ஏலே மக்கா, அந்த ரீல வாங்காத

மக்கா, நல்லாருக்கியா. ஸ்கூபா டைவிங்குக்கு லைன் (கயிறு) சுத்துத ரீலு எது வாங்கலாம்னு நீ மெசேஜ்ல ஒத்த வரில கேட்டுட்ட, ஆனா இது ஒத்த வரில பதில் சொல்லுத விஷயம் இல்ல, அதான் உக்காந்து லெட்டராவே எழுதுதேன். மொதல்ல ஊரு சேதி. உங்க அம்மாவ போன வாரம் பாளையங்கோட்டை மார்க்கெட்ல பாத்தேன், முட்டி வலி கொறஞ்சிருக்காம், அவுக வாங்கின முருங்கக்காய்ல நாலு எடுத்து என் பையில திணிச்சிட்டாங்க, வேண்டாம்னா கேக்கணுமே. ஆத்துல தண்ணி நல்லா போவுது, குறுக்குத்துறை படியில நேத்து ஒரு மணி நேரம் குளிச்சேன், நீ ஞாபகம் வந்த.

மஸ்கட்ல போயி தைமானியாத் தீவுல ஓபன் வாட்டர், அதான் ஸ்கூபா மொத படி கோர்ஸு, முடிச்சிட்டன்னு கேட்டதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம்லே. சரி, நீ அனுப்புன ரெண்டு போட்டோவுல அந்த கைப்பிடி, ட்ரிக்கர், லைன் தானா ஓடாம பிடிக்குத ராட்செட்லாம் வச்ச பெரிய ரீலு இருக்குல்லா, அத வாங்காத. அதே மாதிரி ஒண்ணத்தான் நான் மொத மொதல்ல வாங்கினேன். கையில பிடிச்சா துப்பாக்கி மாதிரி கெத்தா இருக்கும், ட்ரிக்கர அமுக்கினா லைன் ஓடும், விட்டா நிக்கும், கடையில பத்து தடவ அமுக்கிப் பாத்தேன், பத்து தடவையும் நல்லாத்தான் ஓடுச்சு. தூத்துக்குடி பக்கம் 12 மீட்டர் ஆழத்துல எஸ்எம்பி விடப்போறேன், அதான் நாம கீழ எங்கன இருக்கோம்னு படகுக்குக் காட்ட லைன்ல கட்டி காத்தடிச்சு மேல விடுத பேக்கு, தண்ணி கலங்கலு, மேல படகு எங்கன நிக்குன்னே தெரியல. ரீலு கைய விட்டுப் போயிரக் கூடாதேன்னு ஜாக்கெட்டுல இருக்க டி ரிங் வளையத்துல மாட்டிக்கிட்டேன், அதான் நான் செஞ்ச பெரிய தப்பு. பேக்ல காத்து அடிச்சு விட்டதும் அது சர்ருன்னு மேல போச்சு, ரெண்டு செகண்டு லைன் ஓடுச்சு, பொறவு டக்குன்னு நின்னுட்டு, ட்ரிக்கர அமுக்குதேன் அமுக்குதேன் ஒண்ணும் நடக்கல, பேக்கு என்னையும் சேத்து மேல இழுக்குது, காது வலிக்குது, வேகமா ஏறுதேன்னு டைவ் கம்ப்யூட்டரு கத்துது. கூட வந்த அண்ணாச்சி என் கால பிடிச்சிக்கிட்டு கட்டர எடுத்து லைன அறுத்து விட்டாரு. மூச்ச மட்டும் அடக்காம விட்டுக்கிட்டே இருந்தேன், அதனாலதான் நுரையீரலுக்கு ஒண்ணும் ஆகல.

கரைக்கு வந்து அந்த ரீல பிரிச்சுப் பாத்தோம். உங்க ஆச்சி வீட்டு கெணத்து உருளைய ஞாபகம் இருக்கா, கயிறு லூசா விட்டா சக்கரத்த விட்டு நழுவி பக்கத்து இடுக்குல போயி சொருகிக்கும், பொறவு எத்தன பேரு இழுத்தாலும் வராது, அதேதான். சுத்தினதுல ஒரு வரி லூசா கெடந்திருக்கு, அது சக்கரத்துக்கும் பிரேமுக்கும் நடுவுல எறங்கி அச்சுல போயி இறுகிட்டு. சக்கரத்த ஆட்டிப் பாத்தா லொடலொடன்னு ஆடுது, லைன விட அந்த இடுக்கு பெருசு. ராட்செட்டு ஸ்பிரிங்கு வேற துருவேறி மணலு அப்பிக் கெடந்துச்சு.

அதனால உனக்கு நான் சொல்லுதது சாதா ஃபிங்கர் ஸ்பூல். நூல்கண்டு மாதிரி ஒரே ஒரு சக்கரம், நடுவுல ஓட்ட, அவ்ளோதான், மாட்டுததுக்கு இடுக்கே கெடையாது, ஸ்பிரிங்கு இல்ல, ஸ்குரூ இல்ல. டெல்ரின் பிளாஸ்டிக்கா இருந்தா உப்புத்தண்ணிக்கு நல்லது, அலுமினியம்னா ஸ்டீல் தொடுத எடத்துல வெள்ள வெள்ளையா உப்பு பூத்து அரிச்சிரும். நடு ஓட்டைக்குள்ள வெரல விட்டு சுத்திப் பாரு, ஓரம் ஏதும் கூரா இருந்தா வேண்டாம், லைன அறுத்துரும். அதோட வார டபுள் எண்டர், அதான் ரெண்டு பக்கமும் கொக்கி உள்ள கிளிப்பு, அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான்னு கேட்டு வாங்கு. நீ 18 மீட்டருக்குத்தான் போற, 30 மீட்டர் லைன் போதும், நீரோட்டத்துல லைன் சாஞ்சுதான் போவும் அதுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். லைன் பின்னின நைலான், தடிமன் 24ஆம் நம்பரு. முறுக்கின கயிறு வேண்டாம், பிரிஞ்சு முடிச்சு விழும். பாலிப்ரொப்பிலீன் தண்ணியில மெதக்கும், உன்னச் சுத்தி மெதந்து வந்து காலுல மாட்டும், நைலான்னா தண்ணிய விட கனம், தாந்து கெடக்கும்.

வாங்கினதும் மொத வேல, மொத்த லைனையும் உருவி எடு. உள் முனை ஸ்பூல்ல கட்டிருக்கான்னு பாரு, சிலதுல சும்மா சுத்தி விட்டுருப்பான், கடைசி மீட்டர்ல மொத்தமும் கைய விட்டுப் போயிரும். ஒரு ராத்திரி நல்ல தண்ணியில ஊறப் போட்டு, பொறவு இறுக்கமா சுத்து, விளிம்பு வரைக்கும் நெறைக்காத, கொஞ்சம் எடம் விடு. 3 மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டா இருட்டுலயும் கை வச்சு கணக்கு தெரியும்.

பேக்க மேல விடும்போது ஸ்பூல உடம்புல மாட்டவே மாட்டாத, சிக்குதுன்னு தெரிஞ்ச நிமிஷம் கைய விட்டுரு, பேக்கு போனா போவுது. பேக்க முழுசா நெறைக்கவும் வேண்டாம், 10 மீட்டர்ல பாதி ஊதினா மேல வரும்போது அதே காத்து ரெட்டிப்பாயி முழுசாயிரும். ஸ்பூல்ல ஒரு கஷ்டம் உண்டு, திருப்பிச் சுத்துதது மெதுவாத்தான் ஆவும், ஆனா மேல வரும்போது பாதுகாப்புக்கு 5 மீட்டர்ல 3 நிமிஷம் எப்படியும் நிக்கணும்லா, அதுல சுத்திக்கலாம். 2003ல ஓமன் நேவி முக்கி விட்ட அல் முனாசிர் கப்பலுக்குள்ள போணும்னு ஆசன்னு எழுதிருந்த, அது 30 மீட்டர் ஆழத்துல கெடக்கு, உள்ள போவ மட்டும் கைப்பிடி ரீலு தேவப்படும், கூடவே அதுக்குன்னு தனி ட்ரெய்னிங்கும் வேணும், இப்ப அவசரப்படாத, சொல்லிட்டேன்.

முத்துக்குளிக்கப் போறவன் கயித்த மச்சான் கையிலதான் குடுப்பானாம், தங்கச்சி தாலிய நெனச்சு கயித்த விடமாட்டான்னு எங்க தாத்தா சொல்லுவாரு. 1961தான் தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு, அந்தக் கயித்த அவரு கண்ணால பாத்தவரு. உனக்கு அங்க கயிறு பிடிக்க மச்சான் இல்ல மக்கா, அதான் இவ்ளோ நீட்டி எழுதுதேன்.

பொங்கலுக்கு வருவல்லா, வரும்போது ஸ்பூல எடுத்துட்டு வா. உங்க தோட்டத்து பம்புசெட் கெணத்துல கண்ண மூடிக்கிட்டு இருவது தடவ விட்டு விட்டு சுத்துவோம். அந்த 24ஆம் நம்பர் லைன் அங்க கெடச்சா எனக்கும் ஒரு உருண்ட வாங்கிட்டு வா, என்னோடது நஞ்சு போச்சு.

உன்
பழைய பெஞ்சு கூட்டாளி