ஒன்பதரைக்கே அடித்த பத்து மணி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் பஸ்ஸில் அலைந்ததில் நாள் போனதே தெரியவில்லை. இப்போது பார்வை நன்றாக வந்துவிட்டது, வீட்டில் எந்த மூலையில் ஒட்டடை இருக்கிறது என்று காலையிலிருந்து காட்டிக்கொண்டே இருக்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "பாட்டுல அரசியல் பேசுறேன்னு பசங்க கத்துறாங்க, பாட்டைக் கேட்டு எவனாவது திருந்தியிருக்கானா?" என்று எழுதியிருக்கிறாய். பெங்களூரு தண்ணீர் உன்னை இப்படி ஆக்கிவிட்டதா? நாம் இரண்டு பேரும் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் திரிந்தவர்கள்டா. அப்போது நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். சாயங்காலம் சிலேட்டும் அரிக்கேன் விளக்குமாக ஊருக்குள் போய், எழுத்துச் சொல்லித்தர வந்திருக்கிறோம் என்று நீ முழங்குவாய், ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. அப்புறம் நம் கூட வந்தவன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி நாலு அடி போட்டு, நடவுப் பாட்டு மெட்டில் ஒன்றை எடுத்துவிட்டால், கழுவிய கையைக்கூடத் துடைக்காமல் பொம்பளைகள் வந்து நிற்பார்கள். மெட்டு அவர்களுடையது, சொல் மட்டும்தான் நம்முடையது. கூலியை எண்ணி வாங்கு, கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேள், அவ்வளவுதான் அந்தப் பாட்டில் இருந்தது. அதற்கே திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் முகம் போன போக்கை நீயும்தானே பார்த்தாய்.

அரக்கோணத்துப் பையன், ராப் பாடகர் அறிவு இருக்கிறாரே, அவருடைய அப்பா அம்மாவும் ஆசிரியர்கள், அறிவொளியில் வேலை பார்த்தவர்கள். 2018-இல் பா. ரஞ்சித் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவில் கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றினாரே, அதில் பாடியவர்களில் ஒருவர். 2021-இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை நீயும் கேட்டிருப்பாய். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பிவந்த அவருடைய பாட்டியின் கதை அது. தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ஆம்பூரில் அந்தப் பாட்டைப் போட்டுக் கோட் சூட்டும் பட்டுப்புடவையுமாகக் குதித்தார்கள். எனக்கோ எரிச்சல். நிலமில்லாதவன் பாட்டுக்கு இப்படி ஒரு ஆட்டமா, வார்த்தையை யாராவது கேட்கிறார்களா என்று முனகிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டேன். மறுநாள் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே அந்தப் பாட்டின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்: "ஏன்டா, தோட்டம் போட்டவளுக்கு எதுக்கு தொண்டை நனையல?" பாலாற்றைப் பற்றி நான் அவளிடம் எத்தனையோ தரம் பேசியிருக்கிறேன், தோல் பதனிடும் ஆலைக் கழிவு, அதைப் பற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு, எல்லாம். ஒரு நாளும் அவள் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை.

பாட்டுக்குப் பலமில்லை என்றால் அரசாங்கம் ஏன் பயப்படுகிறது, அதைச் சொல். சாராயக் கடையை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015-இல் பாடகர் கோவன் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாஸ்மாக்கைப் பற்றி அறிக்கை விட்டவர்கள் எத்தனை பேர், அவர்களை யாரும் தொடவில்லை. அதற்கும் முன்னால் வெள்ளைக்காரன் காலத்து நாடக நடிகர் விசுவநாததாஸ், வெள்ளைக் கொக்கு பறக்குது என்று நாடக மேடையில் பாடினால் கொக்கு எது என்று தரை டிக்கெட்டுக்காரனுக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். எத்தனை தரம் ஜெயிலுக்குப் போயிருப்பார்! 1940 கடைசியில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் போனது.

நீ சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தேர்தல் வந்தால் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு, சினிமா மெட்டில் வேட்பாளர் பெயரைச் செருகி காது கிழியப் போடுகிறார்கள். நாகூர் ஹனிபா குரல் ஒரு கட்சியையே வளர்த்தது என்பார்கள், அந்தக் குரலுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இதற்குக் கூலி மட்டும்தான். நம் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் துரியோதனன் சபையில் நின்றுகொண்டு ரேஷன் கடை அரிசியை இழுப்பானே, அந்தத் துணிச்சல் இந்த ஆட்டோ பாட்டில் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. வைகாசியில் ஒரு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன், எந்த ஊர் என்று கேட்காதே. இன்னிசைக் கச்சேரி நடக்கிறது. காலனிப் பையன்கள் நாலு பேர் மேடைக்குப் பக்கத்தில் போய், அம்பேத்கர் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று சீட்டுக் கொடுத்தார்கள். பாடகர் நல்ல மனுஷன், பல்லவியை எடுத்தார். இரண்டாவது வரியில் மைக் செத்துப்போனது. பத்து மணிக்கு மேல் குழாய் போடக்கூடாது, சட்டம் என்றார் விழாக்காரர். என் கைக்கடிகாரத்தில் ஒன்பதரை. பையன்கள் எதுவும் பேசாமல் இறங்கிப் போனார்கள், அஞ்சு நிமிஷத்தில் மைக்குக்கு உயிர் வந்தது, பதினொன்று வரைக்கும் குத்துப்பாட்டு. நானும் வாயைத் திறக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தால் அதே நாலு பேர், உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பெஞ்சில் வைத்து அதே பாட்டை ஓடவிட்டு, கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். டீ மாஸ்டர் பாய்லர் மேல் கரண்டியால் தாளம் போட்டார். எனக்குக் கடைசி பஸ் போய்விட்டது.

கார்த்திகைக்கு வருகிறாயா? வந்தால் பழைய சிலேட்டு ஒன்று பரணில் கிடைத்தது, காட்டுகிறேன். உன் கையெழுத்தில் 'கூலி' என்று இருக்கிறது, லி மட்டும் தப்பு.

இப்படிக்கு
உன் பழைய கூட்டாளி