பறவை தின்கிற மீன் பற்றிக் கேட்ட மகனுக்கு

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வீட்டுப் புதினங்களை அம்மா தனியாக எழுதுவா, நான் உன் கேள்விக்கு வருகிறேன்.

நீ வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் ஒருவர், "படகுகள் பிடிக்கிற அளவு மீனைக் கடற்பறவையும் தின்கிறது, அதைக் குறைத்தால் மீன் பெருகும்" என்று அடித்துச் சொன்னாராம். அது உண்மையா என்று போனில் கேட்டாய். விலங்கியல் படிப்பித்த மனிசனிடம் இப்படிக் கேட்டால் இரண்டு வரியில் பதில் வராது, பொறுத்துக்கொள்.

அவர் சொன்னதில் முதல் பாதி ஏறக்குறைய சரிதான். 2004 இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பறவை ஆய்வாளர் மைக்கேல் புரூக் இதைக் கணக்கிட்டார். உலகத்தில் சுமார் 70 கோடி கடற்பறவைகள், அவை ஆண்டுக்குத் தின்பது சுமார் 7 கோடி தொன். மனிதர் கடலில் பிடித்தது அப்போது சுமார் 8 கோடி தொன். பறவையின் வயிற்றை யாரும் தராசில் வைக்கவில்லை. உடல் எடையை வைத்து அதற்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி வேண்டும், இரையில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று பார்த்து, பறவைகளின் எண்ணிக்கையால் பெருக்கி எடுத்த மதிப்பீடு. கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

ஆனால் அந்த 7 கோடியில் என்னென்ன இருக்கிறது என்று அவரிடம் கேள். அந்தாட்டிக்காவில் பென்குயின்கள் தின்கிற, கூனி இறால் மாதிரியான கிரில் அதற்குள் இருக்கிறது. நடுக்கடலில் இரவில் மேலே வருகிற கணவாயும் பொடி மீனும் இருக்கின்றன. இதில் பெரும்பகுதி எந்தச் சந்தைக்கும் வராத சாமான்.

எங்கள் கடற்பறவை ஆலாவையே எடு. மன்னாருக்கு அப்பால் மணல் தீடைகளில் ஆலாக்கள் குஞ்சு பொரிக்கும். குஞ்சு பறக்கத் தொடங்கியதும் தாயோடு திரிகிறதை இங்கே களங்கட்டி என்கிற மீன்பிடி அடைப்பின் கம்புகளிலும் பார்க்கலாம். குஞ்சு தாயளவு வளர்ந்திருக்கும், ஆனாலும் செட்டையைத் தொங்கவிட்டு ஓயாமல் கத்தும். தாய் ஒரேயொரு சூடையை அலகில் குறுக்கே பிடித்துக்கொண்டு வரும். விரலளவு மீன். கொடுத்துவிட்டுத் திரும்பப் போகவேண்டும், அடுத்த மீனுக்கு இன்னொரு பயணம். கிட்ட மீன் இல்லாவிட்டால் அந்தப் பயணம் நீளும், குஞ்சு பட்டினி கிடக்கும். அவ்வளவு தான் அதன் கணக்கு.

இன்னொன்று, ஆலாவால் ஆழத்துக்குப் போகமுடியாது. மேற்பரப்பில் இருந்து ஒரு மீற்றருக்குள் கிடைப்பதுதான் அதற்குச் சாப்பாடு. வெளிக்கடலில் பொடி மீனை மேலே கலைத்து விடுவது சூரை மீன் கூட்டம். கீழே சூரை துரத்த மேலே ஆலா கொத்தும். அதனால்தான் பெரியப்பா வள்ளத்தில் போகும்போது கடலைப் பார்க்கமாட்டார், வானத்தைப் பார்ப்பார். ஆலா சுழன்றால் கீழே சூரை என்று வலையைத் தயார்பண்ணுவார். சூரையை அள்ளித் தீர்த்தால் ஆலாவுக்கும் கஷ்டம்தான், கடல் நிறையப் பொடி மீன் இருந்தாலும் அதற்கு எட்டாது. இதை உன் தொழிற்சாலைக்காரர் யோசித்திருக்கமாட்டார்.

அவர் சொன்ன இரண்டாவது பாதிதான் பிழை. பெரு நாட்டுக் கரையில் நெத்தலி வகை மீனை நம்பிக் கோடிக்கணக்கான நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் வாழ்ந்தன. 1970 இல் அங்கே 1 கோடி 20 லட்சம் தொன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1972 இல் எல் நினோ என்கிற, கடல் நீர் சூடாகும் மாற்றமும் சேர்ந்துகொள்ள, மீன்பிடி விழுந்தது. பறவைகளோ அதற்கு முன்னரே வெகுவாகக் குறைந்துவிட்டன. பறவை குறைந்ததால் மீன் பெருகவில்லையே, தம்பி.

உன் பக்கத்துக் கதையும் அதேதான். நோர்வேயின் ஹெரிங், எங்கள் சூடைக்குச் சொந்தக்கார மீன், 1960களின் கடைசியில் அடியோடு குறைந்தது. அதன் குஞ்சு மீன் கரையோரமாக வடக்கே மிதந்து போகும். அதை நம்பி ரொஸ்ட் தீவில் கூடு வைத்த பஃபின் பறவைகளின் குஞ்சுகள் ஆண்டாண்டாகப் பட்டினியில் செத்தன. 2011 இல் 7 கடற்பரப்புகளையும் 14 பறவை இனங்களையும் வைத்து ஓர் ஆய்வு வந்தது. இரை மீன் அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் குஞ்சு பொரிப்பு சரியத் தொடங்குகிறது என்று அதில் கண்டார்கள்.

2018 இல் வந்த கணக்கு இன்னும் கசக்கும். 1970–1989 காலத்தில் பறவைகள் ஆண்டுக்கு 7 கோடி தொன் தின்றன, 1990–2010 இல் அது 5 கோடி 70 லட்சம். பறவைகள் தின்னக்கூடிய மீன் வகைகளில் படகுகள் பிடித்தது அதே காலத்தில் 5 கோடி 90 லட்சத்திலிருந்து 6 கோடி 50 லட்சமாகக் கூடியது. யார் பங்கை யார் எடுக்கிறார்கள் என்று அவரையே சொல்லச் சொல்.

பறவை தின்றதில் ஒரு பகுதி எச்சமாகக் கடலுக்கே உரமாகத் திரும்புகிறது, அதையும் சொல்லு. இந்து சமுத்திரத்துச் சாகோஸ் தீவுகளில், பறவையின் முட்டையையும் குஞ்சையும் தின்கிற எலி புகுந்த தீவுகளையும் புகாத தீவுகளையும் ஒப்பிட்டார்கள். எலி இல்லாத, பறவை நிறைந்த தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம்.

இங்கே மீன் குறைந்ததற்குப் பறவையைக் குற்றம் சொல்லும் ஒரு கடற்றொழிலாளியையும் நான் காணவில்லை. இழுவை மடி, அதாவது படகு இழுத்துச் செல்லும் வலை, கடலடியை வழித்துக்கொண்டு போவதைக் கண்ணால் காண்கிறார்கள். 2017 இல் அதைச் சட்டத்தால் தடை செய்தும் தொல்லை தீரவில்லை. அது வேறு கதை, தொடங்கினால் கடிதம் முடியாது.

கோடையில் லீவு கிடைத்தால் ரொஸ்ட் பக்கம் போய் வா. பஃபினின் அலகில் மீன் வரிசையாகத் தொங்குமாம், என்ன மீன் என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு.

கருவாட்டுப் பார்சல் வரும் கிழமை போடுகிறோம். அம்மா நெத்தலியும் வைக்கிறா, சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லு.

அன்புடன்,
அப்பா