தள்ளிவைத்த கிறிஸ்துமஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான பண்டிகைக் கட்டுரையில், ரஷ்ய மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையினர் கிறிஸ்துமஸை ஜனவரி 7ஆம் தேதிக்குத் தள்ளிவைத்துக் கொண்டாடுவதாக எழுதப்பட்டிருந்தது. அவர்கள் எதையும் தள்ளிவைக்கவில்லை. அவர்களுடைய சபை நாள்காட்டியைப் புரட்டினால் ஜனவரி 7க்கு உரிய இடத்தில் 25 என்ற எண்ணும் சேர்ந்தே இருக்கும். அது டிசம்பர் 25. போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் செய்த நாள்காட்டித் திருத்தத்தை ஏற்காமல் அதற்கு முந்தைய ஜூலியன் நாள்காட்டிக் கணக்கிலேயே நின்றுவிட்ட திருச்சபைகளின் தேதி, இன்று நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையிலேயே வேறு தேதி வைத்திருப்பவர்கள் ஆர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபையினர். கிறிஸ்துவின் பிறப்பையும் அவர் யோர்தானில் பெற்ற திருமுழுக்கையும் அவர்கள் ஜனவரி 6 அன்று ஒரே விழாவாகக் கொண்டாடுகிறார்கள். கட்டுரையில் அவர்களைக் காணோம்.

மரபுவழியினர் அனைவரையும் ஒரே கூடையில் போட்டதும் சரியல்ல. கிரேக்க, ருமேனிய, பல்கேரிய சபைகள் பிறப்பு விழாவை நம்முடைய டிசம்பர் 25 அன்றே கொண்டாடிவிட்டு, உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டருக்கு மட்டும் பழைய கணக்கைப் பின்பற்றுகின்றன. பின்லாந்து மரபுவழிச் சபையோ ஈஸ்டரையும் மேற்கத்திய சபைகளோடு சேர்ந்தே கொண்டாடுகிறது.

ஈஸ்டர் தேதி ஏன் வேறுபடுகிறது என்பதைக் கட்டுரையாளர் 'பாரம்பரியம்' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார். விதி இரு தரப்புக்கும் ஒன்றே: மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. 2024இல் மார்ச் 25 அன்று பௌர்ணமி வந்தது; கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் மார்ச் 31 அன்று ஈஸ்டர் கொண்டாடினர். ஆனால் ஜூலியன் மார்ச் 21 என்பது நமக்கு ஏப்ரல் 3 ஆகையால், அந்தப் பௌர்ணமி கிழக்கத்திய சபைகளின் கணக்கில் சேரவில்லை. அடுத்த பௌர்ணமியையும், வானத்து நிலவுக்குச் சில நாள் பிந்தி ஓடும் அவர்களுடைய பழைய அட்டவணை, ஏப்ரல் 28 என்றே காட்டியது. அன்று ஞாயிறாகவும் இருந்ததால் விழா மே 5க்குப் போயிற்று. மறு ஆண்டே இரு தரப்புக்கும் ஏப்ரல் 20 ஒரே நாளாக அமைந்தது.

'எல்லாக் கிறிஸ்தவர்களும் கொண்டாடும் கிறிஸ்துமஸ்' என்ற தலைப்பையும் குறிப்பிட வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் அதைக் கொண்டாடுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கிறிஸ்துவின் மரண நினைவுநாளை மட்டுமே அனுசரிக்கிறார்கள். வேதத்தில் ஆதாரமில்லாத நாள் என்று, கடும் ஒழுக்கம் பேணிய புராட்டஸ்டண்டுப் பிரிவினரான பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸை வெறுத்ததால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் விதிக்கச் சட்டமே இருந்தது.

அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, எந்தத் திருச்சபை, எந்த நாள்காட்டி என்பதைத் தேதியோடு சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஜனவரி 7 கூட நிலையானதன்று. 2100 ஜூலியன் கணக்கில் மட்டும் லீப் ஆண்டு என்பதால் இடைவெளி 14 நாளாகி, 2101 முதல் அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 8 அன்று வரும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்