எண்ணெய் எரிந்துவிடுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தொழில் பக்கத்தில் இரும்பு ஆலைகள் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: '1,000 டிகிரிக்கு மேல் காய்ந்த இரும்பில் எண்ணெய் எரிந்துவிடும் என்பதால், சூடாக உருட்டும்போது மசகுப் பொருளுக்கு வேலையே இல்லை.' கும்மிடிப்பூண்டிப் பக்கம் ரோல் ஷாப்பில், அதாவது இரும்பை நசுக்கி உருட்டும் ரோல்களை (உருளைகளை) கடைந்து சீர்செய்யும் இடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில்லாத ஒன்றுக்காகவா இத்தனை காலம் சம்பளம் வாங்கினேன்? தெரிவித்ததற்கு நன்றி.

தாங்கள் அறியாததல்ல. எண்ணெயை யாரும் இரும்பின் மேல் ஊற்றுவதில்லை. தண்ணீரில் கலந்து, ஓயாமல் தண்ணீர் விழுந்து குளிர்ந்துகொண்டிருக்கும் ரோலின் மேல்தான் பீய்ச்சுகிறார்கள். ரோலும் இரும்பும் தொட்டுக்கொள்வது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதற்குள் அத்தனையும் எங்கே எரிவது? அதற்காகத் தாராளமாக அடித்தாலும் வம்புதான், ரோல் இரும்பைக் கவ்வாமல் வழுக்கும். அதனால் இரும்புப் பட்டையின் முனை ரோலுக்குள் போன பிறகு எண்ணெயைத் திறந்து, வால் வெளியேறும் முன் மூடிவிடுவார்கள்.

சாதாரண இரும்பு, சூட்டில் மேலே படியும் ஸ்கேல் என்ற ஆக்சைடு படலத்தால் ஓரளவு தப்பித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதிலும் 430 ரகம், அப்படி விடாது. குரோமியம் இருப்பதால் ஸ்கேல் மெல்லிசு. நசுங்கும்போது அது கிழிந்து, வெறும் உலோகம் ரோலில் ஒட்டிப் பிடிக்கும். ஒட்டிய பொருக்கு அங்கேயே நிற்க, பின்னால் வரும் பட்டை முழுக்க வடு. எங்கள் மில்லுக்குப் புதிதாக வந்த மேனேஜர், தரை கறுப்பாகிறது என்று, மசகாக அடிக்கும் கிராஃபைட் (பென்சில் கரி) கலவையை நிறுத்தினார். ரோல் ஒவ்வொன்றாக லேத்துக்கு வந்தது. செலவு மிச்சம் பிடித்ததற்கு அவருக்குப் பாராட்டு, ரோல் கடைந்த எங்களுக்கு நைட் ஷிப்ட். அப்புறம் சத்தமில்லாமல் கிராஃபைட் திரும்பி வந்தது.

சீம்லெஸ் (ஒட்டு இல்லாத) குழாய் செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். உருட்டும்போது குழாயின் உள்ளே போகும் மாண்ட்ரல் என்ற தண்டுக்கு கிராஃபைட்டோ வெண்காரம் சேர்ந்த கலவையோ பூசாமல் ஓட்டினால், குழாயிலிருந்து அதை உருவி எடுக்கப் படாத பாடு படவேண்டும்.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதில்லை. ரோலிங் மில் என்றாலே வெல்டிங் பொறி பறக்கும் படம்தான் போடுகிறீர்கள். கையுறை இல்லாமல் ஃபர்னஸ் பக்கம் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிகளைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்துக்கு இடமில்லை என்றீர்கள். அதே வாரம் ஆவக்காய் ஊறுகாய்க்கு அரைப் பக்கம் வந்தது. எழுத வந்த தம்பி அம்பத்தூருக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ ஒரு நடை போயிருந்தால், வாசலில் டீ குடிக்கும் ஹெல்பர் பையனே சொல்லியிருப்பான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். இடம் போதாதென்றால் ஊறுகாய்க்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரோல் ஷாப் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை